கேக்கின் மேல் ஒரு கை

— அப்பா, அந்தப் பெட்டியை ஒருக்காத் திறவுங்கோ.

— பொறு பிள்ளை. அவை வந்து, இருந்து, தண்ணி குடிச்சாப்பிறகுதான் திறக்கிறது. திறக்கேக்க உன்ர மாமியாரின்ர முகத்தை நான் பாக்கவேணும்.

— இன்னும் மாமியார் ஆகேல்லை.

— இண்டைக்குப் பின்னேரம் ஆயிடுவா. நான்தான் ஓம் எண்டு சொல்லிப்போட்டனே.

— துவாரகா, நான் களவாத் திறந்து பாத்திட்டன். பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும். மூலையில சிவப்புக்குள்ள ஒரு வெள்ளைக் கை. எனக்கெண்டால் கைரேகை பாக்கிற ஆளின்ர போர்ட் மாதிரித்தான் தெரிஞ்சது.

— செல்வம், நீர் சும்மா இரும். அது கொடி.

— கையோ? அம்மா, கைக்கு மேல நட்சத்திரமும் இருக்கோ?

— ஏழு! எண்ணிப் பாத்துத்தான் வாங்கினனான். பேக்கரியில நிண்ட டென்மார்க்காரப் பெட்டை, இது எந்த ஹாண்ட்போல் கழகம் எண்டு கேட்டவள். கழகமில்லைத் தங்கச்சி, இது அப்காசியா எண்டு சொன்னன். ஒரு சின்ன இனம், தனக்கெண்டு ஒரு நாட்டைப் பிரிச்செடுத்த இனம், எங்களுக்குச் சரிவராததை அவை செய்து காட்டிப்போட்டினம், அவைதான் எனக்குச் சம்பந்தி எண்டு சொன்னன்.

— ஐயோ.

— என்ன ஐயோ?

— ஐயோ அப்பா. ஐயோ, ஐயோ, ஐயோ.

— இவள் அழுகிறாளோ சிரிக்கிறாளோ, செல்வம்?

— ரெண்டும்தான் போல கிடக்கு. அடி பிள்ளை, அந்த வடைத் தட்டை முதல்ல கீழ வை, கொட்டப்போறாய்.

— அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. முதலாவது, நீங்கள் கோவிக்கக்கூடாது. இரண்டாவது, பிழை என்னிலதான். இல்லை, முழுப் பிழையும் என்னில இல்லை, அரைவாசி. பொறுங்கோ, இரண்டாவதை முதலாவதாச் சொல்லியிருக்கவேணும்.

— சின்னனில இருந்தே இவள் இப்பிடித்தான். வீடு எரிஞ்சாலும் முதலாவது இரண்டாவது போட்டுத்தான் சொல்லுவாள்.

— என்ர லெவான்ர ஆக்கள் அப்காசியாவில இருந்து வந்தவை. அது சரி.

— அதைத்தானே நானும் சொல்லுறன்.

— ஆனா அவை அப்காசியர் இல்லை. அங்க குடியிருந்த ஜோர்ஜியர்.

— அவனின்ர பாஸ்போர்ட்டில ஜோர்ஜியா எண்டு இருக்கிறது எனக்குத் தெரியும். என்ர பழைய பாஸ்போர்ட்டில என்ன இருந்தது? சிறீலங்கா. அதுக்காக நான் சிங்களவனோ?

— இல்லை அப்பா. ஆனா லெவான் ஜோர்ஜியன்தான். ஜோர்ஜியாவில இருந்து அப்காசியா பிரிஞ்சு போகேக்க, அங்க இருந்த ஜோர்ஜியரை எல்லாம் துரத்தினவை. தொண்ணூற்றி மூண்டில. லெவான் அப்ப தாயின்ர வயித்துக்குள்ள. வயித்தையும் தூக்கிக்கொண்டு மலைக்கு மேலால பனிக்குள்ள நடந்தவ அவ. அவையைத் துரத்தினவை பிடிச்சுக்கொண்டு வந்த கொடிதான் உங்கட கேக்கில இருக்கு.

— இந்தக் கொடியோ?

— இந்தக் கை, இந்த நட்சத்திரம், எல்லாத்தோடையும்.

— கடவுளே! அந்த மனுசிக்கு வாசலிலயே நெஞ்சுநோ வரப்போகுது. நீங்கள் அதைத் தோட்டத்துக் கம்பத்திலயும் ஏத்தப்போறன் எண்டெல்லோ நிண்டனீங்கள். நல்ல காலம், இந்த நாட்டில வெளிநாட்டுக் கொடி ஏத்தினால் தண்டம் எண்டு நான் சொன்னபடியாலதான் கேக்கோட நிண்டுது.

— கொஞ்சம் பொறுங்கோ ரெண்டுபேரும். தலை சுத்துது. எனக்கு இதை ஒழுங்கா விளங்கப்படுத்து பிள்ளை. ஆர் சின்னன், ஆர் பெரிசு, ஆர் ஆரை அடிச்சது?

— சரி. இந்தப் புரியாணிச் சட்டி ரஷ்யா.

— சட்டியைத் தொடாதை, சுடும்.

— அதைத்தான் எல்லாரும் ஜோர்ஜியாவுக்கும் சொன்னவை அம்மா. இந்தக் கட்லட் ஜோர்ஜியா. சட்டிக்குப் பக்கத்தில, இவ்வளவுதான். கட்லட்டின்ர இந்த மூலை அப்காசியா, கடல் பக்கம். இந்த மூலை தெற்கு ஒசேத்தியா. ரெண்டும் எங்களுக்குத் தனிநாடு வேணும் எண்டு கேட்டது. சட்டி பின்னுக்கு நிண்டு ஆயுதம் குடுத்தது. ரெண்டாயிரத்தி எட்டில சட்டி நேராவே உள்ளுக்கு வந்திட்டுது. இண்டைக்கும் ரெண்டு மூலையிலயும் சட்டியின்ர ஆமிதான் நிக்குது. அப்பா!

— என்ன?

— தெற்கு ஒசேத்தியாவைச் சாப்பிட்டிட்டீங்கள்.

— யோசிக்கேக்க எனக்கு வாய் சும்மா இராது. உப்புக் கொஞ்சம் காணாது, செல்வம்.

— வாறவைக்கு வைச்சது அது! கையை எடுங்கோ!

— சரி, இப்ப இதுக்குள்ள நாங்கள் ஆர்? அதைச் சொல்லு. இந்த மூலைதானே நாங்கள்? அப்ப கட்லட் சிங்களவர். அப்ப சட்டி... சட்டி இந்தியாவோ?

— அப்பா, அப்பிடிப் பொருத்தேலாது.

— ஏன் ஏலாது? எல்லாத்தையும் பொருத்திப் பாத்துத்தானே நான் ஓம் சொன்னனான்!

— கட்லட்டுக்கும் நியாயம் இருக்கு, மூலைக்கும் நியாயம் இருக்கு. அப்காசியரும் கனக்கச் செத்தவை, ஜோர்ஜியா ஆமியும் அங்க போய் அநியாயம் செய்தது எண்டு லெவானே சொல்லுவான். ஆனா அவன்ர தாய் தகப்பன் ஆமி இல்லை. அந்த மூலைக்குள்ள இருந்த பச்சைமிளகாய்த் துண்டு. கிள்ளி வெளியில போட்டிட்டினம். பிறகு தலைநகரில ஒரு ஹோட்டல் அறையில பத்து வருசம், பல்கனியில சமையல்.

— அப்ப நான் ஆருக்கு ஓம் சொன்னனான்?

— அதைத்தான் நானும் கேக்கவேணும் எண்டு இருந்தனான். உங்கட ஓம் லெவானுக்கோ, இந்தக் கொடிக்கோ?

— துவா, ஒரு வருசம் நான் மாட்டன் எண்டு நிண்டனான். காத்தில கறண்ட் எடுக்கிற காத்தாடி பூட்டுற வெள்ளைக்காரன் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு நிண்டனான். நீ அப்காசியா எண்டு சொன்ன பிறகுதான் மனம் இளகினது. இந்தச் சில்க்போர்க் ஊரில இருக்கிற தமிழ்ச் சனம் முழுப்பேருக்கும் சொல்லிப்போட்டன், என்ர மருமகன் போராடின இனம் எண்டு. இப்ப அது இல்லையெண்டால்...

— இல்லையெண்டால்?

— கொஞ்சம் யோசிக்கவேணும்.

— அவையின்ர கார் பில்லுண்ட் எயார்போட்டில இருந்து வெளிக்கிட்டு எவ்வளவு நேரம்! கடைசி ரவுண்டபவுட்டுக்கு வந்திட்டினமாம்! இப்ப யோசிக்கப்போறீங்களோ?

— பிள்ளை, நீ சத்தம் போடாதை. இஞ்சருங்கோப்பா, நான் ஒண்டு கேக்கிறன். யாழ்ப்பாணத்தில ஐஞ்சுசந்திப் பக்கம் இருந்த தையல்கார சாகுல் காக்காவை ஞாபகம் இருக்கோ?

— இப்ப அவர் என்னத்துக்கு?

— ஞாபகம் இருக்கோ இல்லையோ?

— இருக்கு.

— என்ர கலியாணச் சீலைக்குச் சட்டை தைக்க அவரிட்டத்தான் குடுத்தது. எடுக்கப் போனால் அந்த முஸ்லிம் ஆக்களின்ர தெரு முழுக்க ஒரு சனமில்லை. வீடெல்லாம் திறந்து கிடக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடுங்கோ எண்டு சொன்னதாம். சொன்னது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். நாடு கேட்ட எங்கட ஆக்கள்தான். என்ர சட்டை ஒரு கை வைச்சபடி மெஷினிலயே கிடந்தது. மற்றக் கை வைக்கிறதுக்கு மனுசன் இல்லை. மச்சாளின்ர இரவல் சட்டையோடதான் உங்களுக்குக் கழுத்தை நீட்டினனான்.

— நீர் இதை ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே.

— நீங்கள் ஒருநாளும் சட்டையைப் பாக்கேல்லையே. இண்டைக்கு வாற மனுசி சாகுல் காக்காவின்ர பக்கம். அதால எங்களுக்கு ஆகாதவவோ?

— அந்தக் கேக் பெட்டியை இஞ்சால தள்ளு பிள்ளை.

— என்னப்பா, பெட்டியைத் திறந்துபோட்டு நிக்கிறியள்?

— யோசிக்கிறன் எண்டு சொன்னனானே.

— கெதியா யோசியுங்கோ.

— யோசிச்சிட்டன். பிள்ளை, அந்தத் தட்டைக் கரண்டியை எடு.

— என்னத்துக்கு?

— கையைச் சுரண்டத்தான். அவை மலையேறி வந்தது காணும். இஞ்ச வந்தும் இந்தக் கையைப் பாக்கவேண்டாம்.

— அப்பா!

— கட்டிப்பிடிக்காதை, கையெல்லாம் கிறீம். நான் லெவானுக்குத்தான் ஓம் சொன்னனான் எண்டு வைச்சுக்கொள். அண்டைக்குத் தெரியாது, இப்ப தெரியுது. விலகு.

— மெல்லமாச் சுரண்டுங்கோப்பா! பச்சையெல்லாம் சிவப்போட கலக்குது!

— அப்பா, மூண்டு விரல் போயிட்டுது, ரெண்டு விரல் நிக்குது. இப்ப வெற்றி எண்டு காட்டுற மாதிரிக் கிடக்கு. முன்னையைவிட மோசம்!

— சிரிக்காமல் பிடி பெட்டியை! செல்வம், நட்சத்திரத்தை நீர் பாரும்!

— நான் நாலு நட்சத்திரத்தை விழுங்கிப்போட்டன். இனிப்புக் கூடிப்போச்சு.

— இப்ப வெள்ளைக் கிறீமைப் பூசுங்கோ. அம்மா, ஸ்ட்ரோபெரி ஜாம் இருக்கோ? ஜோர்ஜியாவின்ர கொடி வெள்ளையில சிவப்புச் சிலுவை. நடுவில பெரிசு ஒண்டு, மூலைக்கு ஒவ்வொரு சின்னன். நான் கீறுறன். இல்லை, என்ர கோடு வளையுது, நீங்கள் கீறுங்கோ. இல்லை, தாங்கோ, நானே கீறுறன்.

— உது என்ன கொடி? டென்மார்க் கொடியை வாசிங் மெஷினில போட்டு எடுத்த மாதிரி.

— ஆஸ்பத்திரி மாதிரியும் கிடக்கு. ஜாம் வழியிறதைப் பாத்தால் காயக்காரர் வந்து இறங்கின மாதிரி.

— வேண்டாம்! எல்லாத்தையும் வழிச்சுவிடு. வெறும் வெள்ளைக் கேக் போதும். இந்த நாட்டில நாயின்ர பிறந்தநாளுக்கும் கேக்கில கொடி குத்துவினம், அதைப் பாத்துத்தான் எனக்கும் இந்த விசர் பிடிச்சது. துவா, நல்லாக் கேள். இண்டையில இருந்து இந்த வீட்டுக்குள்ள ஒரு கொடியும் வரக்கூடாது. ஆற்றையும் வரக்கூடாது.

— சத்தியமோ?

— சத்தியம்.

— அப்ப அந்தப் பேச்சு? கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாடமாக்கினீங்களே, தொப்ரோ பஜாலவத் எண்டு.

— அது நல்வரவு எண்டு அர்த்தம். ஃபோனில பாத்துப் பாடமாக்கினது.

— என்ன மொழி அப்பா அது?

— அவையின்ர மொழி.

— சட்டியின்ர மொழி!

— ஐயையோ. நான் வாயே திறக்கேல்லை. வணக்கம் எண்டு மட்டும் சொல்லுறன்.

— கார் சத்தம் கேக்குது. பிள்ளை, யன்னலால எட்டிப் பார். நான் சீலையை மாத்தவோ?

— அவைதான். லெவான் இறங்கிட்டான். தகப்பன் சூரப், கோட் போட்டிருக்கிறார். தாய் கெத்தெவான், சின்னன் மனுசி அம்மா, உங்கட உயரம்தான். கையில பெரிய பார்சல் ஒண்டு, துணியால சுத்தியிருக்கு. லெவான்ர முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு? பொறுங்கோ, ஃபோனில எழுதியிருக்கிறான்.

— வாசல்ல நிண்டுகொண்டு என்னத்துக்கு எழுதுறான்?

— "கதவைத் திறக்காதை" எண்டு எழுதியிருக்கிறான்.

— என்ன?

— "அம்மா பார்சலை இப்பதான் காருக்குள்ள வைச்சு எனக்குக் காட்டினவ. என்னை மன்னிச்சுக்கொள். அவவுக்குத் தெரியாது. உங்கட ஆக்களும் ஊரை விட்டு ஓடிவந்தவை எண்டு நான் சொன்னனான், அதைக் கேட்டு அழுதிட்டு, எனக்குச் சொல்லாமல் ரெண்டு மாசமா இருந்து தைச்சிருக்கிறா. உங்களுக்கு ஊர் ஞாபகம் வரட்டும் எண்டு."

— என்னத்தைத் தைச்சவவாம்?

— மேசை விரிப்பு.

— அது நல்லதுதானே! இதுக்கு ஏன் கதவைத் திறக்க வேண்டாம் எண்டுறான்?

— அப்பா, நீங்கள் ஒருக்கா இருங்கோ.

— நான் நிக்கிறன். சொல்லு.

— முதலாவது, அவ இணையத்தில எங்கட நாட்டைத் தேடிப் பாத்திருக்கிறா. இரண்டாவது... இரண்டாவது, சிங்கம்.

— என்ன சிங்கம்?

— சிங்கக் கொடி அப்பா. வாளோட. பொன் நூலால. மேசை அளவுக்கு.

— கடவுளே! சிறீலங்காக் கொடியோ! இந்த வீட்டுக்குள்ளையோ!

— அம்மா, சிரிக்காதேங்கோ, எனக்கும் சிரிப்பு வருது. அப்பா, நான் வெளியில போய் வாங்கிக் காருக்குள்ளயே வைச்சுவிடட்டோ? ஏதும் பொய் சொல்லுறன். அப்பா? பெல் அடிக்கினம் அப்பா. என்ன செய்யிறது?

— கையால தைச்சதோ?

— ஓம். பிடரி மயிர் ஒவ்வொண்டும் கையால.

— செல்வம், மேசையில இருக்கிற விரிப்பை எடும். புரியாணியை நான் தூக்கிப் பிடிக்கிறன், விரிச்சவுடன ரஷ்யாவைக் கொண்டுபோய் அந்தச் சிங்கத்தின்ர முதுகில வைப்பம். பிள்ளை, நீ கதவைத் திற.