கோல்கீப்பரைக் குளிருக்குப் பழக்கிய விதம்

எனக்கு மீன் வாடை ஆகாது. இந்த விழிஞ்ஞம் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். மலையாளம் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன்.

என் பெயர் யோசுவா. மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியர். அங்கே ஐஸ் ஹாக்கி அணியை ஆரம்பித்தவன் நான்தான். இந்த ஊரில் ஐஸ் எங்கே என்று எல்லோரும் சிரித்தார்கள். கூடைப்பந்து மைதானத்துச் சிமெண்டுத் தரையில், சக்கர பூட்ஸ் மாட்டிப் பழக்கினேன். வருடத்துக்கு ஒருமுறை லடாக் போய் உறைந்த குளத்தில் விளையாடுவோம். முதல் வருடம் பதினான்கு கோல் வாங்கினோம். மூன்றாம் வருடம் மூன்றாம் இடம். தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் மாலையும் செண்டை மேளமுமாக வரவேற்றார்கள். அதன்பிறகு விளையாட்டுக்குக் கிடைக்கும் கிரேஸ் மார்க்குக்காகவே பையன்கள் என் பின்னால் சுற்றினார்கள்.

போன ஜனவரியில் எல்லாம் கவிழ்ந்தது. கவிழ்த்தவன் கோல்கீப்பர் பிரபின். மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் செல்லபாயின் ஒரே மகன். கெட்டிக்காரன், மறுக்கவில்லை. ஆனால் குளிர் ஏறியதும் இருமத் தொடங்கினான். பாதி ஆட்டத்தில் முகமூடியைத் தூக்கி, அத்தனை பேர் முன்னால் ஐஸ் மேல் வாந்தி எடுத்தான். அது மஞ்சளாக அங்கேயே உறைந்தது. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. அன்று பதினோரு கோல். இன்னொரு தடவை இப்படி ஆனால் அணியை மூடிவிடலாம் என்று பிரின்சிபல் ஷைலஜா மேடம் சொல்லிவிட்டார்.

வேறு கோல்கீப்பர் கிடையாது. இவனோ அணியிலிருந்து விலகுவதாகக் கடிதம் நீட்டினான். "எனக்குத் தணுப்பு ஒக்காது சாரே. மூச்சு முட்டுது" என்றான்.

"ஒரு மாசம் பழகிப் பாருடே. பெறவும் முடியலேன்னா நானே ஒப்பு போட்டுத் தாரேன்" என்றேன். நம்பினான்.

விழிஞ்ஞத்தில் தெரிந்தவர் ஒருவரின் மீன் குளிர் அறை ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். மைனஸ் பதினெட்டு. முதல் வாரம் அவனை உள்ளே ஐந்து நிமிடம் வைத்தேன், அடுத்த வாரம் பத்து. இரண்டு முறையும் கதவின் உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டு, நேரம் முடியும் முன்பே வெளியே ஓடி வந்தான், மூக்கு ஒழுக. அடியாத மாடு படியாது என்பார்கள். நான் யாரையும் அடிப்பதில்லை. மூன்றாம் ஞாயிறு காலை அந்தக் கைப்பிடியைக் கழற்றி வைத்தேன்.

அவன் முழுக் கவசத்தோடு வந்தான். அந்தக் கவசம் நாறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காய்ந்ததே இல்லை. கையுறைக்குள் இன்ஹேலரை ஒளித்து வைத்திருந்தான். வாய் வைக்கும் இடம் எச்சிலில் பிசுபிசுத்தது. கைக்குட்டையால் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பது நிமிடம் என்று சொல்லிக் கதவை அடைத்தேன்.

நான்காம் நிமிடம் மட்டையால் தட்டத் தொடங்கினான். "மதி சாரே, மதி. போதும், கதவத் தொறங்க" என்றான். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்வாட்ச் என் மடியில் இருந்தது. பதினொன்றாம் நிமிடம் தட்டுவது நின்றது. பழகிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் சொன்ன நேரம் சொன்ன நேரம்தான். சரியாக முப்பதில் திறந்தேன்.

முகமூடிக்குள் மறுபடியும் வாந்தி. சிலர் எவ்வளவு சொன்னாலும் திருந்துவதில்லை. அந்தக் கோலத்தில் அணியின் முகமூடியை யாரும் பார்க்கக் கூடாது. அதைக் கழற்றி, குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். கைப்பிடியைத் திரும்ப மாட்டினேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கைப்பிடியின் ஒரு திருகு மட்டும் என் சட்டைப் பையில் தங்கிவிட்டது. நீங்கள் எடுத்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் செல்லபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் இறால் வாடை. "எனக்க மொவன் ஒருக்கா கூட கதவத் தட்டல்லியா சாரே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

பெற்றவளிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது. இந்தக் காரியத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.