வால் பக்கத்துக் கேபிள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன். சொன்னால் காகிதத்தை மடித்து அடியில் செருகுவீர்கள். திருகை முடுக்க மாட்டீர்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான்.

அந்தப் போர் விமானத்துக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். துருப்பிடித்துக் கிடந்ததைக் கொண்டுவந்து, அக்கக்காகப் பிரித்து, மறுபடி பறக்க வைத்திருந்தார்கள். இன்னும் மூன்று வான்சாகசக் காட்சிகள், அதோடு அருங்காட்சியகம் என்று முடிவாகியிருந்தது. பராமரிப்புக் குழுவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்திலும் நான் ஒருத்திதான். தலைமை மெக்கானிக்கை எல்லோரும் மாமா என்பார்கள். மாமா என்னைப் பாப்பா என்பார்.

விமானி மட்டும் இன்ஜினியரம்மா என்பார். அதில் கிண்டல் இருக்காது. எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையை யார் செய்தாரோ, அவரே வாய் திறந்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். மாமாவே ஆனாலும் அடுத்தவர் வேலைக்கு ஆச்சு சொல்லக் கூடாது. அதைக் கேட்காமல் விமானி ஏணியில் கால் வைக்க மாட்டார்.

முதல் காட்சிக்கு முந்தின வாரம் வாலுக்குள் தவழ்ந்து போனேன். விமானியின் கைப்பிடியிலிருந்து வால் பலகைக்கு ஒரு கேபிள் போகிறது. அந்தப் பலகைதான் மூக்கை மேலே தூக்கும். கேபிளைப் பருத்தித் துணியால் நீவினேன். கப்பியில் ஏறும் இடத்தில் துணி மாட்டி நூல் பிரிந்தது. கம்பி இழைகள் அறுந்திருந்தால் அப்படித்தான் மாட்டும். துணியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"துணி பழசு பாப்பா," என்றார் மாமா. "காலேஜ்ல படிச்சவங்க கண்ணுக்கு எல்லாமே ஓட்டையாத்தான் தெரியும்."

"பாப்பாவுக்கு ஒரு புதுத் துணி எடுத்துக் குடுங்கப்பா," என்றார் பெயிண்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் அம்மா கேட்டாள்: "ஏண்டி, நீ சொல்றத அங்க யாராவது காதுல வாங்குறாங்களா?"

"வாங்குறாங்கம்மா."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே," என்றான் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே.

நீங்கள் இப்போது நினைப்பது போல இல்லை. மாமா என்னை நம்பிவிட்டார். சில நாள் கழித்துப் புதுக் கேபிளைச் சுருளாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "மாத்திடு. ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டு இருக்காத." கொஞ்ச நேரத்தில் விமானியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வால் கேபிள் எனக்கு என்னமோ உறுத்திட்டே இருந்துச்சு சார். மாத்தச் சொல்லிட்டேன்."

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது மாமா," என்றார் விமானி.

சுருளோடு வாலுக்குள் படுத்திருந்தேன். கோபம் என்று எழுதாதீர்கள். அசதி. யோசித்துப் பாருங்கள், புதியதை மாட்டினால் விமானம் நல்லபடியாகப் பறக்கும். பழையது அறுந்திருக்கும் என்று பிறகு யாருக்குத் தெரியப்போகிறது? நடக்காமல் போனதைக் காட்டி யாரும் தன் பேச்சை நிரூபிக்க முடியாது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். மாமாவுக்கு முட்டி வலி, வாலுக்குள் தவழ முடியாது.

"மாட்டியாச்சா?"

"ஆச்சு."

நான் எதையும் அறுக்கவில்லை. எதையும் தளர்த்தவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன். முதல் காட்சியில் கேபிள் தாங்கியது. இரண்டாவதிலும் தாங்கியது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் துணியால் நீவிப் பார்த்தேன். இரண்டாம் தடவை துணி கிழிந்தே வந்தது. அப்போதும் மாற்றியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

மூன்றாவது காட்சிக்கு விமானியின் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். அவருடைய இருக்கை வார்களை நான்தான் இறுக்கினேன்.

"இறங்கினதும் எம்பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க இன்ஜினியரம்மா. உங்க படிப்புதான் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"படிக்கட்டும் சார்," என்றேன்.

"எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு சார்."

செங்குத்தாகப் பாய்ந்து வந்து, கூட்டத்துக்கு எதிரே மூக்கைத் தூக்கி மேலே ஏற வேண்டும். பாய்ந்து வந்தது. ஏறவில்லை. எல்லோரும் புகையைப் பார்த்து ஓடினார்கள். நான் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அவரும் ஓடிவிட்டார்.

உங்கள் ஆட்கள் என்ன கண்டுபிடித்தார்கள்? வயதான விமானி, தலைசுற்றல், கேபிள் தரையில் மோதியபோது அறுந்தது. இந்த வயதில் இவருக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் மனைவியின் காதுபடவே பேசுகிறார்கள். அதனால்தான் நானாக வந்தேன். நல்ல மனிதர், அவர் மேல் பழி நிற்கக் கூடாது.

அறுந்த முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் அறுந்த இழை நுனி மெலிந்திருக்கும். தேய்ந்து தேய்ந்து அறுந்தது தட்டையாக இருக்கும். பாதிக்கு மேல் தட்டையாகத்தான் இருக்கும். புதுக் கேபிள் என் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத சுருளாக இருக்கிறது. கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு மேலே ஒரு வரி மட்டும் விட்டுப்போகக் கூடாது. கேபிள் தாங்காது என்று முதலில் சொன்னது மாமா இல்லை, நான்.