ஒரு கொறையும் இல்லீங்க

...அதத்தான்மா நானும் கேக்குறேன், ஊர் சுத்தறதுக்கு ஒரு படிப்பு தேவையா? அதுலயும் டாக்டர் பட்டம் வேற! எம்மகதான் படிச்சா. படிச்சிட்டு இப்ப இதே காலேஜ்ல அத மத்தப் புள்ளைங்களுக்குச் சொல்லியும் குடுக்குறா. சுற்றுலா லெக்சரர். சரி, அப்ப ஊர் ஊரா சுத்துவாளேன்னு நெனப்பீங்க... எங்கலா! லங்காவி எந்தத் தெசைன்னு தெரியாது அவளுக்கு. ஈப்போல இருந்துக்கிட்டு கேமரன் மலைக்கே போனதில்ல, நேரமில்லயாம். சுத்தறவன் சுத்துவான். இவ உக்காந்து, அவன் ஏன் வந்தான், என்ன தின்னான், சந்தோசமா திரும்பிப் போனானான்னு எழுதுவா. கல்யாண வீட்டுக்குப் போயி பந்தில உக்காராம, திங்கறவன் மூஞ்சியப் பாத்துக் குறிச்சுக்கிட்டு வார மாதிரி!

இப்படி நகந்துக்குங்க. அந்த ஏர்கோன் காத்து நேரா மண்டையில அடிக்கும். நீங்களும் உள்ளதான் போவணுமா? ஆங்... ஆங். உக்காருங்க, கூப்புடுவாங்க. அவுங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப.

எம்மக உள்ளதான் இருக்கா. தினேஸ்வரி. விசாரணையாம்! கோயில் உண்டியல ஒடச்சவள நிக்க வெச்ச மாதிரி நிக்க வெச்சிருக்காங்க. என்னைய கீழ நிறுத்துன காடியிலயே இருன்னா. யாரு இருப்பா அந்த வெயில்ல?

வேலையாச்சும் நெரந்தரமான்னா, அதுவும் இல்ல. கான்ட்ராக்டு. காடிக்கு ரோட்டேக்ஸ் கட்டுற மாதிரி வருசா வருசம் புதுப்பிக்கணும். அதுக்குக் கட்டுரை எழுதணும். எழுதுனா பத்தாது, வெளிநாட்டு ஜர்னல்ல வரணும். இவ எழுதி அனுப்புவா. எவனோ மொகந்தெரியாதவன் 'சரியில்ல'ம்பான். மறுபடி எழுதுவா. 'இந்த வரி ஏன்?'ம்பான். அதுக்குள்ள கைக்கொழந்த ஒண்ணு பொறந்து நடந்துரும்லா. இவகிட்ட படிச்ச பையன் ஒருத்தன், பினாங்குல பெரிய ஹோட்டல்ல மேனேஜரு. போன தீபாவளிக்குக் கப்பல் மாதிரி காடில வந்து எறங்குனான். முறுக்கக் கடிச்சுக்கிட்டே, "டாக்டர், இன்னும் அங்கேயேதானா?"ன்னு கேட்டான். நல்ல மாணவன். கால்ல விழுந்துட்டுத்தான் போனான், அதுக்கொண்ணும் கொறச்சல் இல்ல.

என்ன பண்ணா இப்பன்னு கேளுங்க. பீடோர் பக்கம் எங்க பழைய எஸ்டேட்டு. ரப்பர் எல்லாம் எப்பவோ சாஞ்சாச்சு, இப்ப செம்பனைதான். லயத்து வீடு ஒரே ஒரு வரிசை மிச்சம். அதுல நம்ம சனம் கொஞ்சம் பேர் இன்னும் இருக்காங்க. ஒரு கம்பெனிக்காரன் வந்து காலி வீட்டுக்கெல்லாம் சாயம் அடிச்சு, சுற்றுப்பயணிய தங்க வெக்கப் போறானாம். பழமையான அனுபவமாம்! எப்படா இந்த வீட்ட விட்டு ஓடுவோம்னு நாங்க இருந்தோம், அதுல காசு குடுத்துப் படுக்க வாராங்களாம். வரட்டும். மழைக்கு ஒழுகும்போது சட்டி வெக்கறதும் அனுபவந்தான்.

அந்த லயத்து சனங்ககிட்ட போயி, "இவுங்கல்லாம் வந்தா உங்களுக்கு நல்லதா, கெட்டதா? மனசுல உள்ளதச் சொல்லுங்க"ன்னு கேட்டு, போன்ல பதிஞ்சு, அத வெச்சு எழுதணும். அது ஜர்னல்ல வந்தாத்தான் அடுத்த வருசம் வேல. இல்லாட்டி வீட்டுக்குத்தான். இவ போயி கேட்டா யாரு பேசுவா? ஜெலாப்பாங்ல வளந்த டவுன் புள்ள. "மாமா, உங்கள் கருத்து என்ன"ன்னு ரேடியோ மாதிரி பேசுவா. அதான் நானே முன்னாடி ஒரு நட போயி, வீடு வீடா பாத்து, பேசி வெச்சிட்டு வந்தேன். பெத்தவ வேற என்னத்துக்கு இருக்கேன்?

நன்றி இருக்கா? இப்ப என்னா சொல்றாங்க தெரியுமா உள்ள? இவளே சொல்லிக் குடுத்துப் பேச வெச்சாளாம்! பொய் ஆராய்ச்சியாம்! இவ எழுதிக் குடுத்ததப் படிச்சா எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்களாம். அவளும் தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறா. "அம்மா, நான் ஒரு வார்த்த யாருக்கும் சொல்லிக் குடுக்கலியேம்மா"ன்னு. ஆமா, அவ சொல்லிக் குடுக்கல. அவ எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? அதான் நான் குடுத்துட்டேனே!

என்ன, ஒரு மாதிரி பாக்குறீங்க? இருங்க, முழுசா கேளுங்க.

எங்கப்பா எஸ்டேட்டுல தண்டலு, ஆளுங்கள வேல வாங்குறவரு. பெரிய தொரை கோலாலம்பூர்லேர்ந்து வாரார்னா, அதுக்கு முன்னாடியே ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி லயம் லயமா வந்துருவாரு. எல்லாரையும் வாசல்ல நிக்க வெச்சு, "தொரை கேட்டா என்ன சொல்லணும்?" "ஒரு கொறையும் இல்லீங்க!" "தண்ணி வருதா?" "வருதுங்க!" பைப்பு காஞ்சு கெடக்கும். ஒரு தடவ எவனோ குடிச்சிட்டு, உள்ளதச் சொல்லிட்டான். சொன்னவனுக்கு ஒண்ணும் ஆகல. தொரை போனதும் கிராணிக்கு வேல போச்சு. அவரு சம்சாரம் புள்ளைங்களோட லாரில சாமானுக்கு மேல உக்காந்து போனத இந்தக் கண்ணால பாத்தவ நான். கொறை சொன்னா, நடுவுல நிக்கிறவ தலையிலதான்மா விடியும். எம்மக லாரி ஏறணுமா?

அதுக்குத்தான் நல்லா யோசிச்சு வசனம் போட்டேன். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. வாரவங்க எங்க சொந்தக்காரங்க மாதிரி. டாக்டர் தினேஸ்வரி தங்கமான புள்ள." கடைசி வரி... அது ஒரு பாசத்துல சேத்தது. நல்லம்மாளுக்கு மட்டும் வாயில நிக்கல. போன் போட்டு போட்டு ஒப்பிக்க வெச்சேன். கடைசியில தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அது.

எல்லாத்தையும் கெடுத்தது அந்த மாயாண்டி மாமா. எங்கிட்ட நல்லாத் தலைய ஆட்டிட்டு, தினேசு போன நீட்டுனதும் ஆரம்பிச்சிருக்காரு: "போன வாரம் லயத்த வேடிக்க பாக்க ஒரு கூட்டம் வந்து, கொடியில காயற என் ஜட்டிய போட்டோ புடிச்சிட்டுப் போச்சு. கக்கூஸ் அடச்சுக் கெடக்கு, அத ஒருத்தனும் புடிக்கல. அந்த வூட்டுக்குச் சாயம் அடிச்சவன் இந்த வூட்டயும் கேப்பான். அப்பறம் நான் எங்க போவேன்?" இப்படியே பேசிருக்காரு மனுசன், நிறுத்தாம. இப்ப என்னாங்குறாங்க... அவரு ஒருத்தரு பேசுனதுதான் நெசமாம்! பாருங்க நாயத்த. ஒழுங்கா பேசுனவங்க எல்லாம் பொய்யி, ஜட்டி பேசுனவரு ஆராய்ச்சி!

எங்கிட்டயும் கேட்டா தினேசு. "நீ ஏதாச்சும் சொன்னியாம்மா?" "நானா? நான் நலம் விசாரிக்கப் போனேன்"னுட்டேன். அதுவும்தானே விசாரிச்சேன்? வேற என்னத்தச் சொல்ல? கொஞ்ச நாள் போனா அடங்கிரும்னு பாத்தேன். இவுங்க என்னடான்னா தமிழ் தெரிஞ்ச லெக்சரர் அம்மாவ தைப்பிங்லேர்ந்து வரவழைக்கிறாங்களாம், பதிஞ்சதக் கேட்டுச் சொல்ல. வரட்டும், அந்தம்மாவாச்சும்...

எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் கூப்புடலியே. கூப்ட்டாங்களா? யார... டாக்டர் வலேரியா? அது யா...

நீங்களா அந்தத் தைப்பிங் அம்மா?

அட! மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? ...ஆமா, நான் எங்க சொல்ல வுட்டேன். இருங்க, ஒரு நிமிசம், கைய வுட்டுர்றேன், இதக் கேட்டுட்டுப் போங்க. உள்ள போயி என்ன சொல்லணும்னா... அம்மா... அம்மா!

சாத்திட்டாங்க.

தங்கச்சி, இந்த மேசையில உக்காந்துக்கிட்டு நீதானே அவுங்கள கூப்ட்டது? நீ எழுதுலா, நான் பாட்டுக்குப் பேசுறேன். உள்ள யாரோ... அட, நம்ம நல்லம்மா கொரலு! போன்ல போட்டுக் காட்டுறாங்க. "ஒரு கொறையும் இல்லீங்க." எம்மாந் தெளிவு பாத்தியா? இது யாரு... கலாதேவி. "சொந்தக்காரங்க மாதிரி." அதேதான். ஐயாவு அண்ணே... அவரும் அதேதான். இன்னொண்ணு. "தங்கமான புள்ள." இன்னொண்ணு. "தங்கமான புள்ள..."

ஐயையோ. நிறுத்தச் சொல்லேன் தங்கச்சி. இவுங்க எங்க பேசுறாங்க? ஒவ்வொரு வாயிலயும் நான்லா பேசுறேன்!

தினேசு சத்தத்தையே காணோம். அவ தலையக் குனிஞ்சா இப்படித்தான், சத்தமே வராது. சின்னதுலேர்ந்து...

கதவத் தொற. என்னா? அப்பாயின்மென்ட் இல்லியா? பாடம் நடத்துன டீச்சர வெளிய உக்கார வெச்சிட்டு, ஒண்ணுந்தெரியாத புள்ளைய உள்ள வெச்சு கேட்டுக்கிட்டு இருக்காங்க, இதுக்கெல்லாம் அப்பாயின்மென்ட் கேக்கலியா நீங்க? தள்ளு. அந்தப் பையப் பாத்துக்க, தினேசுக்குச் சோறு இருக்கு. ம்ம்... எங்கூட பேசுவாளோ என்னமோ.

தள்ளுன்னேன்ல.