விக்டோரியா இல்ல

அந்தத் தாளில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஃபோன் நம்பர். பதினான்காம் வரியில் ஒரு தடவை, இருபத்தாறாம் வரியில் ஒரு தடவை. இரண்டும் எங்கள் வீட்டு நம்பர்!

விழாத் தலைவர், ஊர்க் கமிட்டி ரோச் அண்ணாச்சி அவர்களே! இன்று பணி ஓய்வு பெறும் விழா நாயகி, நாசரேத் தந்த நல்முத்து, டாக்டர் இன்பமணி அவர்களே! வலை இழுத்து வடுப்பட்ட கைகளை உடைய பெரியோர்களே! கூடையைச் சுமந்தே குடும்பத்தையும் சுமக்கும் தாய்மார்களே! வணக்கம்.

என்ன அண்ணாச்சி, கேட்கலியா? மைக்கைக் கிட்ட இழுத்துக்கிறேன். சிரிக்காதீங்க. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணையிருக்கப் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். மேடை எனக்குப் புதுசு.

டாக்டரம்மா நம் ஊருக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? முதுகுவலி மாத்திரைக்கு வரிசை கட்டி நின்றோமே! "நான் மாத்திரை தர்ற டாக்டர் இல்லம்மா, எண்ணுற டாக்டர்" என்றார். "ஊசி போடாத டாக்டரா? அப்ப பயமில்லலே!" என்று கத்தினார் மனுவேல் மாமா. அதோ, பின்வரிசையில் தலையைக் குனிகிறார்!

எண்ணுவது ஒரு வேலையா? முப்பது வருடம் அதைத்தான் செய்தார். எந்த ஊரில், எந்த வயதில், எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது? எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் எதனால் வந்தது என்று தேட முடியும். எண்ணிக்கை தப்பினால் தேடுகிற திசையே தப்பிவிடும்.

நம் ஊருக்கு மூன்று வருடத்தில் முப்பத்தொன்று என்றது பட்டியல். இரண்டு ஆஸ்பத்திரிப் பதிவுகளைச் சேர்த்துப் போட்ட பட்டியல். அது எப்படியோ வெளியே கசிந்தது. என் அக்கா ஜெனிசுக்கு நிச்சயம் பேசியிருந்தவர்கள் ஃபோன் செய்தார்கள். "அந்த ஊருத் தண்ணியே சரியில்லன்னு சொல்லுதாவ. பொறவு பாப்போம்." அக்கா, எடுத்து வைத்த பட்டுச்சேலையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

டாக்டரம்மா மட்டும் அந்த முப்பத்தொன்றை நம்பவில்லை. "வீடு வீடாப் பாக்கணும். கூட வாரியா, சுஜிதா?" என்று தாளை என் கையில் கொடுத்தார்.

பதினான்காம் வரி: விக்டோரியா, நாற்பத்தாறு வயது, இறந்தவர். இருபத்தாறாம் வரி: செல்லக்கனி, நாற்பத்தொன்பது வயது, சிகிச்சையில் இருப்பவர். என் தாய் விக்டோரியா! என் தாயே செல்லக்கனி! பெயர் இரண்டு, பதிவான வயதும் இரண்டு, பெண் ஒன்று! ஞானஸ்நானத்தில் வைத்த கோயில் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று வளர்ந்தவர்கள்தானே நாம்? பங்குச் சாமியார் கடிதத்தோடு போன ஆஸ்பத்திரியில் விக்டோரியா. சித்தி கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் செல்லக்கனி.

சரி, விக்டோரியாவைக் கொன்றது யார்? நான்தான்! போன வருடம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஃபோன். "விக்டோரியா இருக்காங்களா?" அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கூச்சத்தில் "இல்ல" என்று சொல்லிக் கட் பண்ணினேன். அவ்வளவுதான்! அந்தப் பக்கம் இருந்தவர் எழுதிவிட்டார்: இறந்தவர்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். வலைக்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்த ஊர்ல இன்னும் எத்தன பேருக்கு ரெண்டு பேரு?"

"எல்லாருக்கும்," என்றேன்.

ஒன்பது நாள் நடந்தோம். வாசல் வாசலாகக் கேட்டோம். முப்பத்தொன்று பத்தொன்பது ஆனது! இதே மண்டபத்தில் நின்று டாக்டரம்மா சொன்னார்: "இவ்வளவு பெரிய ஊருக்கு எங்கயும் வாரதுதான் இது. பட்டியல்ல இருந்த தப்பு என்னோடது. ஆனா அந்தப் பத்தொன்பது பேரையும் மறந்துராதீங்க." அன்றைக்குத்தான் ஊர் மூச்சுவிட்டது. பெட்டிக்குள் போன பட்டுச்சேலை வெளியே வந்தது. வருகிற தையில் அக்காவுக்குக் கல்யாணம். ஆமா, எல்லாருக்கும் சாப்பாடு உண்டு!

அன்பானவர்களே! ஒருத்தி இரண்டு முறை எண்ணப்பட்டால் ஊர் அஞ்சுகிறது. ஒரு முறையும் எண்ணப்படாவிட்டால் நோய் ஒளிந்துகொள்கிறது. ஒருத்தியை ஒருத்தியாக எண்ணுவதற்கு ஒரு வாழ்நாள் வேண்டியிருக்கிறது! அந்த வாழ்நாளைத் தந்த டாக்டரம்மாவுக்கு இந்தக் கடற்கரையின் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.

ஒன்று விட்டுப்போச்சு: அம்மா சம்மதித்ததால்தான் அவள் கதையைச் சொன்னேன். அன்று தாளைக் காட்டியபோது, "ஏளா, நான் செத்துட்டேனா? அப்ப ராத்திரிக் கொழம்ப யாரு வைப்பா?" என்று கேட்டவள், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவள் அப்படிக் கேட்டதும் டாக்டரம்மாவிடம் பேனா வாங்கினேன். 'இறந்தவர்' என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: இருக்கிறார்.