வாயக் கட்டுன தங்கச்சி

உக்காருங்கம்மா, யோசிக்காதீங்க, அது தாங்கும். இந்த வராண்டாவுல இருக்கிற நாற்காலி எதுக்குமே கைப்பிடி கிடையாது, கவனிச்சீங்களா? நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சு போட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் இடுப்பக் கிள்ளாத ஒரு நாற்காலில உக்காந்து எனக்கு எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா.

ஐயோ, இல்ல. நான் எனக்காக வரல. பாத்தா அப்படித்தான் தோணும், உங்களச் சொல்லிக் குத்தமில்ல. உள்ள இருக்கிறது என் தங்கச்சி. காலைலருந்து ஆபரேஷன் நடக்குது. வயித்துல ஓட்டை விழுந்திருக்காம், தைக்கிறாங்க. பொழச்சுக்குவாளா டாக்டர்னு கேட்டேன். எங்களால ஆனதச் செய்றோம்மான்னுட்டு உள்ள போனவருதான், இன்னும் வெளிய வரல.

நீங்க ரிசப்ஷன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல, பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். வீட்டுல பித்தப்பைல கல்லுன்னு சொல்லிக்கிறேன், நீங்க போன் பண்ணா பாத்துப் பேசுங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்கல்ல. அதனாலதான் உங்களக் கூப்பிட்டு இங்க உக்கார வச்சேன்.

கோவிச்சுக்காதீங்க. இளைக்கிறதுக்கு ஆபரேஷன் பண்ணாதீங்கன்னு சொல்ல வரல. எது, பலூனா, வெட்டித் தைக்கிறதா? வெட்டுறதா, அப்போ பெரிய வேலைதான். எதிர்ல செவுத்துல படம் போட்டிருக்கு பாருங்க, அதையே பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. வயித்துக்குள்ள பலூன விட்டு ஊதி வைக்கிறது ஒண்ணு. நீளவாக்குல வெட்டிட்டுக் குழாயாத் தைக்கிறது ஒண்ணு. மேல சின்னதா ஒரு பை மட்டும் விட்டுட்டு குடல இழுத்துக் கொண்டுவந்து அதுல மாட்டுறது ஒண்ணு, பைபாஸ்னு போட்டிருக்கு. தையக்காரிக்குப் புரியாதா இது? பெரிய சட்டையப் பிரிச்சு சின்னதாக்குறதுதானே. நான் அத துணில பண்றேன், இவங்க ஆள்மேலயே பண்றாங்க.

ஆமா, தையல்தான். கடை வச்சிருக்கேன். பெரிய சைஸ் பொம்பளைங்களுக்கு மட்டும்தான் தைப்பேன். மத்த கடைங்கள்ல அளவெடுக்கிறப்பவே டேப்ப நீட்டிக்கிட்டு ஒரு பார்வை பாப்பாங்கல்ல, அது என் கடைல கிடையாது. என் தங்கச்சியும் என்ன மாதிரிதான் இருந்தா. ரெண்டு பேரும் சேந்து நடந்தா தெரு அடைச்சிருக்குன்னு பசங்க சொல்லுவானுங்க. நாங்களே சிரிச்சுக்குவோம். அவ ஆபீஸ் வேலை, நான் கடை, அம்மா வீட்டுல. மூணு பேருதான் குடும்பம். அவளுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியாம இருக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ நான்.

மூணு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ட்ரெய்னிங்னு சொல்லி ஒரு மாசம் வெளியூர் போனா. தெனம் போன் பண்ணுவா. இங்க ஒரே குளிருக்கான்னு சொல்லுவா. குரல் வேற கம்மிக் கிடக்கும். நான் பதறிப்போயி, உள்துணி வச்சுக் கெட்டியா ஒரு சட்டை தச்சேன். திரும்பி வந்து போட்டுப் பாத்தா தொளதொளன்னு தொங்குது. என்னடி இப்படி இளைச்சுட்டன்னா, அங்க சாப்பாடு ஒத்துக்கலக்கா, இப்படியே விடாம நடக்கலாம்னு இருக்கேங்கறா. நான் நம்பிட்டேன். நம்பாம என்ன, என் கூடப் பொறந்தவளாச்சே.

ரெண்டு பேரும் நடக்க ஆரம்பிச்சோம். விடிஞ்சதும் கிளம்பிருவோம். அவ கிண்ணத்துல சாப்பிட்டா நானும் கிண்ணம். அவ பாதி முட்டைன்னா எனக்கும் பாதி முட்டை. எனக்குப் பசி உயிரே போகும்மா. கண்ணு இருட்டும், மிஷின்ல ஊசி எங்க இருக்குன்னு தெரியாது. அவளுக்கு மட்டும் பசிக்கவே இல்ல. எப்படிடின்னா, பழகிரும்கான்னு சொல்லுவா. எனக்குப் பழகவே இல்ல. அவ மாசா மாசம் கரைஞ்சா. எனக்கு முட்டிதான் போச்சு. ரெண்டு முட்டியும் தேஞ்சுருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பவும் நான் விடல, வீங்கின காலோட நடந்தேன். கூடவே நடந்து வந்தவ, அக்கா போதும், இது உனக்கு இறங்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.

அவ துணியெல்லாம் நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். எங்க தொழில்ல ஒண்ணு உண்டு, இளைச்சவங்க துணியச் சின்னதாக்குறப்போ உள்ள மடிப்புல மிச்சம் விடுவோம், வெட்ட மாட்டோம். திரும்ப ஒடம்பு போட்டுருவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். எத்தனை பேரப் பாத்திருக்கேன், இளைச்சுட்டு சிரிச்சுக்கிட்டே வருவாங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விடச் சொல்லி குனிஞ்ச தலையோட வருவாங்க. இவளுக்கும் மிச்சம் விட்டேன். வெட்டிரு அக்கா, நான் திரும்ப ஒடம்பு போட மாட்டேன்னா. அவ்வளவு உறுதியா சொன்னா. அந்த தைரியம் இவளுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தோணல. என் தங்கச்சிக்கு எவ்வளவு வைராக்கியம்னு பெருமையா வெட்டினேன்.

அப்புறம் என்ன, தலைல தூக்கி வச்சுக் கொண்டாடாத ஆளில்ல. அத்தை போன் பண்ணுவாங்க, பெரியம்மா போன் பண்ணுவாங்க, எப்படிடி இளைச்சன்னு. மனசு வச்சாப் போதும் அத்தைன்னு இவ கூசாம சொல்லுவா. ஒரு நாள் சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேன். எங்கம்மா எல்லாரும் கேக்கிற மாதிரி சொன்னாங்க, சின்னவளுக்கு வாயக் கட்டத் தெரியுது, பெரியவளுக்குத் திங்கத்தான் தெரியும்னு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சாப்பாட்டுல கை வச்சபடியே உக்காந்திருக்கேன். இவ எதிர்லதான் உக்காந்திருந்தா, தன் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு.

கேளுங்க, அவ இளைக்கிறதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது எனக்கு வருத்தமே இல்ல. அவ ஒடம்பு, அவ கஷ்டம். சொல்லியிருந்தா இதே வராண்டாவுல வந்து உக்காந்திருக்க மாட்டேனா? சூப்பு வச்சு எடுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? நானும் பண்ணிக்கட்டுமாடின்னு கேட்டிருப்பேன். அதுக்குத்தான் பயந்தாளோ என்னவோ. நாலு பேரு அவள மெச்சுறதுக்கு பக்கத்துல குண்டா ஒருத்தி நிக்கணும்ல. சரி, அப்படிப் பேசக் கூடாது. உள்ள கிடக்கிறா. ஆனா வருது, என்ன பண்ண.

எப்பத் தெரிஞ்சுச்சா? இன்னிக்குக் காலைலதாம்மா. குளிச்சுட்டு வந்தவ வயித்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே மடிஞ்சு உக்காந்துட்டா. மூஞ்சி வெளுத்து, வேர்த்து ஊத்துது. டாக்சில ஏத்தினா, வழில ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு, ரெண்டும் வேணாம்கா, இங்கதான் வரணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு சொல்றா. இந்தப் பக்கம் நாங்க வந்ததே இல்லையேன்னு யோசிச்சேன். ஸ்ட்ரெச்சர்ல இறக்கினதும் ஒரு நர்ஸ் ஓடி வந்து கன்னத்தத் தட்டுறாங்க. அட, நம்ம பேஷண்ட்டு, பைபாஸ் பண்ணவங்கங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பைபாஸ்னா நான் இதயம்னு நெனச்சேன். இவளுக்கு இதயத்துல என்னங்கன்னு கேக்கிறேன், அந்தம்மா என்னப் பாக்குறாங்க, நீங்க யாருன்னு கேக்குறாங்க. அக்கான்னு சொன்னேன். அக்காவா, அப்போ யாருமே இல்லன்னு சொன்னாங்களேன்னுட்டாங்க.

யாருமே இல்லன்னு சொல்லியிருக்கா. அந்த ஒரு மாசமும் வெளியூரு இல்லம்மா, இதே ஊரு. இந்த ஆஸ்பத்திரி, அப்புறம் பக்கத்துல ஒரு ஹாஸ்டல். எங்க வீட்டுலருந்து ஒரே பஸ்ஸு. இங்க இருந்துக்கிட்டுதான் எனக்குக் குளிருதுன்னு போன் பண்ணியிருக்கா.

உள்ள தள்ளிட்டுப் போறப்போ என் கையப் புடிச்சா. மன்னிச்சுரு அக்கான்னு சொல்லப் போறான்னு குனிஞ்சேன். அம்மாகிட்ட சொல்லிராதக்காங்கறா. அந்த நெலமைலயும் அதுதான் அவளுக்கு. கைய உதறணும் போல இருந்துச்சு. உதறல. சரிடி போன்னு சொன்னேன்.

இருங்க, அந்தப் பச்சை உடுப்புக்காரம்மா என்னத்தான் கூப்பிடுறாங்க. என்னது? முடிஞ்சுருச்சா? முழிச்சுட்டாளா? நல்லா இருக்காளாம்மா, கேட்டீங்களா, அக்கா எங்கன்னு கேக்குறாளாம். வரேன்னு சொல்லுங்க, இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் சட்டுனு எந்திரிக்க முடியாது. கொஞ்சம் கை குடுங்க. ஆங், அப்படித்தான்.

உங்களுக்கு நல்லபடியா நடக்கும், கவலைப்படாதீங்க. ஊருக்கெல்லாம் பித்தப்பைக் கல்லுன்னே சொல்லிக்குங்க, யாருக்கு என்ன. உங்க வீட்டுல ஒடம்பு வலின்னா யாரு மாத்திரை எடுத்துக் குடுப்பாங்களோ, அந்த ஒரு ஆள்கிட்ட மட்டும் மறைக்காதீங்க.

எங்க வீட்டுல அது நான். ரெண்டு மாசமா இவளுக்கு ஆபீஸ் நாற்காலில உக்காந்து உக்காந்து இடுப்பு வலி. எனக்கு முட்டிக்குக் குடுத்த மாத்திரை இருந்துச்சு, நல்லாக் கேக்கும். ராத்திரி சாப்பிட்டதும் எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு. மொதல்ல வேணாம்கான்னா. நான் திட்டினேன், வலிய வச்சுக்கிட்டு என்னடி வீம்புன்னு. டாக்டர் காலைல என் பைல இருந்த மாத்திரை அட்டையக் கேட்டு வாங்கிப் பாத்தாரு. இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இது ஆகவே ஆகாது, வயித்த அரிச்சுரும், வீட்டுக்கு அனுப்புறப்பவே திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் அனுப்புறோம்னாரு. அவளுக்குத் தெரியும்மா. எனக்கு ஆகாதுக்கான்னு சொல்லியிருந்தா ஏன்டி ஆகாதுன்னு நான் கேட்டிருப்பேன்ல. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துக்கிட்டு, தெனம் என் கையால வாங்கி, என் கண்ணு முன்னாடியே முழுங்கியிருக்கா.