சோடா வண்டியும் ஏழு தெருக்களும்

அவையின் நடுநாயகமாய் அமர்ந்திருக்கும் அக்கிராசனர் டாக்டர் ஐயா அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் தாய்மார் உதவிச் சங்கத்து உறுப்பினர்களே! ஏலாக்குறிச்சியிலிருந்தும் விக்கிரமங்கலத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! பெரம்பலூர்ப் பக்கத்துக்கும் இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று கேட்டறிய, வாலிகண்டபுரத்திலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் உழவர்களே! பந்தலின் வலப்புறத்தில் கைக்குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் கடைவீதியின் ஓரத்தில் கால்கடுக்க நிற்கும் நண்பர்களே! இந்த அரியலூரில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற செல்வநாதன், உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லுகிறேன்.

இன்று நம் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நமக்குக் கிடைத்த பாட்டரி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், பட்டாளத்தார் விட்டுச்சென்ற பெட்ரோல் கார் ஒன்றை அதற்குப் பதிலாக வாங்கவேண்டும், இதுதான் தீர்மானம். கூடாது என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கைதட்டாதீர்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டு முடித்தபின், தட்ட உங்களுக்குக் கை வராது.

அந்த வண்டியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வெளியூரார்களுக்காகச் சொல்லுகிறேன். திருச்சியில் கடையடைத்த ஒரு சோடா கம்பெனி, கடைகளுக்குச் சோடாப் புட்டிகளைக் கொண்டுபோக அதை வைத்திருந்தது. நம் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். சாலை வழியே ஓட்டிவந்தால் பாதி வழியில் படுத்துவிடும் என்று, கூட்ஸ் வண்டியில் ஏற்றி நம் ஸ்டேஷனில் இறக்கினோம். அதன் வயிற்றுக்கடியில் வரிசை வரிசையாகப் பாட்டரிப் பெட்டிகள். நம் அரிசி மில்லின் டைனமோவில் கம்பி கொடுத்து எட்டு மணி நேரம் வைத்தால், முப்பது மைல் ஓடும். மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகம். அதற்கு மேல் வேகமும் இல்லை. அதற்கு மேல் தூரமும் இல்லை.

என்ன அங்கே சிரிப்பு? அழகேசனா? கரிவாயு பஸ்ஸின் கண்டக்டர், என் பழைய மாணவர். உரக்கக் கேளுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"சார், பெட்ரோல் வேணாம், பெட்ரோல் வேணாங்கிறீங்க. ஒங்க சோடா வண்டி மட்டும் காத்தையா குடிக்குது? மில்லு இஞ்சின் குடிக்கிற குரூடாயில்தானே சார் அதுக்கும் ஆகாரம்?"

நல்ல கேள்வி. வகுப்பில் இருந்தபோது இப்படி ஒரு கேள்வி இவர் கேட்டதில்லை. ஆம், எண்ணெய்தான். டைனமோவின் பெல்ட்டைப் போட்டால் இஞ்சின் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கிறது. நான் மறைக்கமாட்டேன். ஆனால் நம் ஊர் நெல் அரைபட அந்த இஞ்சின் எப்படியும் ஓடவேண்டும். ஓடுகிற இஞ்சினிடம் ஒரு கை உதவி கேட்கிறோம். சரி, உங்கள் பஸ்ஸைப் பற்றி நான் ஒன்று கேட்கட்டுமா? ஐந்து மணிக்குப் புறப்படும் பஸ்ஸுக்குக் கரியை எத்தனை மணிக்கு மூட்டுகிறீர்கள்? நாலே காலுக்கு! பனிக்குடம் உடைந்த பெண்ணிடம் போய், "பொறும்மா, இன்னும் புகை வரலை" என்று சொல்லமுடியுமா?

பெட்ரோலுக்கு வருவோம். போர் முடிந்து ஆண்டு ஒன்று ஆகப்போகிறது. பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் முடிந்ததா? சென்ற ஆண்டு நல்ல மனம் படைத்த ஒரு மிராசுதார், ஒரு பெண்ணுக்காகத் தம் காரைக் கொடுத்தார். சக்கரம் இருந்தது, டிரைவர் இருந்தார், மெத்தை இருந்தது. பெட்ரோல் மட்டும் இல்லை. அந்த மாதக் கூப்பன் இருபதாம் தேதியே தீர்ந்துபோயிற்று. நான்கு ஆண்கள் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டீசல் லாரி உண்டே என்பீர்கள். உண்டு. பலசாலிதான். ஆனால் அதில் ஒருமுறை ஏறி நம் சாலையில் வந்து பாருங்கள். உடம்பில் எத்தனை எலும்பு என்று எண்ணிச் சொல்லிவிடும். நிறைமாதப் பெண்ணை அதில் ஏற்ற யாருக்கு மனம் வரும்?

சோடா வண்டிக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றத் தேவையில்லை. புகை இல்லை, அதிர்வு இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், புறப்பட்டுவிடும். ஆஸ்பத்திரி நர்ஸ் சாந்தி மேரி ஒரே வாரத்தில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். இன்று நம் அக்கிராசனர் ஐயா, "கூட்டத்துக்கு அந்த வண்டியிலேயே வந்துவிடுகிறேனே" என்று கேட்டிருக்கிறார். அதற்கு சாந்தி மேரி என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டரய்யா, ஒங்களுக்கு வலி வந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி நடந்து போயிடுங்க." ஐயா நடந்துதான் வந்தார். சிரிக்கிறார் பாருங்கள்!

சிரிப்பு இதோடு போதும்.

வண்டி அத்தனை நல்லதென்றால், அதைத் திருப்பி அனுப்பத் தீர்மானம் ஏன் வந்தது? விக்கிரமங்கலத்துப் பொன்னம்மாளை அது ஏமாற்றிவிட்டது என்பதால் வந்தது. அவளுடைய கணவர் இளையபெருமாள் இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம்பி, உங்கள் துயரத்தை மேடையில் பேச அனுமதி கொடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவனா என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வண்டி கம்பியில் நிரம்பி வெளியே வந்த முதல் நாள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது மாடு வந்தாலும், புது வண்டி வந்தாலும், மேளத்தோடு தெருவலம் வரவேண்டும். வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுக்கவேண்டும். ஒரு தெருவை விட்டுவிட்டால், "எங்களை மனுஷராவே நெனைக்கலையா?" என்று அந்தத் தெரு ஓராண்டு பேசாது. நான் சங்கத்தின் காரியதரிசி. எந்தத் தெருவும், எந்தச் சேரியும் விடுபடக்கூடாது என்று உத்தரவு போட்டவன் நானே. அது தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். விடுபட்டவர்களின் மனக்குறை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, தாகத்தால் தவிக்கும் ஒருவரைத் தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பார்த்தவர்க்கெல்லாம் மரியாதைக்காக ஒரு மடக்கு, ஒரு மடக்கு என்று ஊற்றினால், போய்ச்சேரும்போது கூஜாவில் என்ன இருக்கும்? பெட்ரோல் வண்டியென்றால் வழியில் ஒரு டின் ஊற்றிக்கொள்ளலாம். பாட்டரி வண்டிக்கு அந்த வசதி இல்லை. எட்டு மணி நேரம் நின்று நிரம்பவேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வண்டி வந்த அன்றே கம்பெனிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டுத் தலையாட்டிவிட்டு, காளைமாட்டை ஊர்வலம் விடுவதுபோல் அதை ஊர்வலம் விட்டோம்.

டிரைவர் கண்ணையன் முதல் தெருவில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தெருவில் திரும்பிப் பார்த்தான். "சார், பாட்டரி மீட்டர் ஊசி எறங்குது சார்." நான் சொன்னேன்: "இன்னும் ஒரு தெரு, கண்ணையா." ஐந்தாவது தெருவில் ஒரு வீட்டு விசேஷக்காரர்கள் பத்துப்பேர் ஏறிக்கொண்டார்கள். "சார், பாரம் ஏறினா ஊசி சரசரன்னு எறங்குது சார்." "இன்னும் ஒரு தெரு, கண்ணையா." ஆறாவது தெரு முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டான். "ஆறு மைல் ஓட்டம் போயிடுச்சு சார். இத்தோட மில்லுக்குப் போயிடலாம் சார்." நான் என்ன சொன்னேன்? அதையேதான் சொன்னேன். ஏழாவது தெருவும் ஆயிற்று.

பிற்பகல் இரண்டு மணிக்கு இளையபெருமாள் சைக்கிளில் வந்து விழுந்தார். வந்து இறங்கினார் என்று சொல்லவில்லை, விழுந்தார். "வாத்தியாரய்யா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து வலி. மருத்துவச்சி கையை விரிச்சுட்டாங்க." வண்டி அப்போதுதான் மில்லுக்குள் நுழைந்திருந்தது. நானும் கண்ணையனும் சாந்தி மேரியும் அப்படியே புறப்பட்டோம். பன்னிரண்டு மைல் போனோம். பொன்னம்மாளை ஏற்றினோம். திரும்பினோம். சாந்தி மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. பக்கத்தில் நடந்துவந்த ஒரு ஆடு எங்களை முந்திப் போயிற்று. பிறகு நின்றது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது நின்றது.

கட்டை வண்டி தேடிப் பிடித்து, அவளை மாற்றி ஏற்றி, கொண்டு சேர்க்க ஒன்றேகால் மணி நேரம். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண்பிள்ளை.

ஆஸ்பத்திரி வாசலில் இளையபெருமாள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியாரய்யா, பெட்ரோல் வண்டியா இருந்தா போயிருக்கும்ல?" நான் சொன்னேன்: "போயிருக்கும்." அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்ததுதான் இன்றைய தீர்மானம்.

அதற்குப்பின் இந்த ஐந்து மாதத்தில் அதே வண்டி பத்தொன்பது பெண்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒருமுறையும் நிற்கவில்லை. ஏன்? சாந்தி மேரி விதி வகுத்தார். போய்வந்த உடனே கம்பி. கல்யாணத்துக்கில்லை, கட்சிக்கில்லை, சாமி புறப்பாட்டுக்கில்லை. பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இல்லை. ஏலாக்குறிச்சிப் பெரியோர்களே, உங்கள் ஊர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. சென்ற மாதம் உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வர மறுத்தோம். நீங்கள் பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள். அது குறைதான். தூரத்து ஊர்களுக்காகப் பெட்ரோல் கார் ஒன்று வேண்டும். கூப்பனுக்கு நாமெல்லாம் சேர்ந்து கலெக்டரிடம் மனுச்செய்வோம். வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. இருப்பதை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். வாலிகண்டபுரத்து உழவர்களே, நீங்கள் கேட்டறிய வந்ததும் இதுதான்: கிட்டத்தில் இது ஜெயிக்கும், எட்டத்தில் அது ஜெயிக்கும், எது எதற்கென்று தெரியாதவர் கையில் இரண்டுமே தோற்கும்.

இங்கேயே உட்கார்ந்துவிட்டால் எனக்கு நல்லது. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது.

சென்ற வாரம் விக்கிரமங்கலத்துக்குப் போய்ப் பொன்னம்மாளைப் பார்த்தேன். தீர்மானத்தைப் பற்றிச் சொன்னேன். கடலைக்கொடியை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "வாத்தியாரய்யா, ஏழு தெரு சுத்துனீங்கன்னு சொல்றாங்க. அந்த ஏழாவது தெரு யாரு தெருங்க?"

தண்ணீர் கேட்டேன், குடித்தேன், திரும்பிவிட்டேன். இதோ, இத்தனை பேர் முன்னிலையில் அவளுக்குப் பதில் சொல்லுகிறேன். அது என் தெரு.

ஆறு தெருவை ஊருக்காகச் சுற்றினேன். ஏழாவதை எனக்காகச் சுற்றினேன். என் வீட்டில் ஆரத்தித் தட்டு காத்திருந்தது. என் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு என் தெருவில் போனேன், வந்தேன். குழந்தைகள் கேட்டார்கள் என்று மறுபடி போனேன். கால் மைல் நீளத் தெரு. நான்கு முறை போய் நான்கு முறை வந்தோம். கணக்கு வாத்தியாருக்கு இதைக் கூட்ட எத்தனை நேரம் ஆகும்? இரண்டு மைல். வண்டி நின்ற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? இரண்டு மைல்.

இளையபெருமாள் தம்பி! அன்று ஆஸ்பத்திரி வாசலில் பெட்ரோல் வண்டி போயிருக்கும் என்று உங்களிடம் சொன்னேன். பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். மீதியை இன்று சொல்லுகிறேன். இந்த வண்டியும் போயிருக்கும்.

வண்டி உங்களை ஏமாற்றவில்லை. நான் ஏமாற்றினேன். ஐந்து மாதமாக ஊரெல்லாம் அந்த வண்டியைத் திட்டியபோது வாய் திறவாமல் இருந்தேன். அது இரும்பு, திட்டினால் அதற்கு வலிக்காது என்று எண்ணினேன். இன்று அதைத் திருப்பி அனுப்பினால், நாளை வலிகண்டு துடிக்கும் ஒரு பெண்ணுக்கு வலிக்குமே! என் குற்றத்துக்கு அவள் ஏன் தண்டனை அடையவேண்டும்?

காரியதரிசிப் பொறுப்பை இந்தக் கணமே விடுகிறேன். இதோ வண்டியின் சாவி. சாந்தி மேரி, மேடைக்கு வா அம்மா, வாங்கிக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே.

என்ன, தம்பி? எழுந்துவிட்டீர்கள். சொல்லுங்கள். எதுவானாலும் சொல்லுங்கள்.

"ஒங்களப்பத்தி நான் இப்ப ஒண்ணும் பேசமாட்டேன், வாத்தியாரய்யா. பேச வாய் வரலை. ஆனா வண்டி இருக்கட்டும். எங்க கொழுந்தியாளுக்கு ஆவணியில மாசம்."

வண்டி இருக்கட்டும் என்று அவர் கையைத் தூக்கியிருக்கிறார். அக்கிராசனர் அவர்களே, தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்கள். இத்தனை நேரம் பொறுமையோடு கேட்டதற்கு நன்றி, பெரியோர்களே. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டதற்கு நன்றி, தாய்மார்களே. வண்டிக்காகத் தூக்கும் கைக்கும் வணக்கம். என்மேல் கோபத்தால் தூக்காத கைக்கும் வணக்கம்.