வராத பிள்ளையின் வயது

உள்ளே வந்ததும் உங்கள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூட யாராவது போனைக் கவிழ்த்துவிட்டு, "நாம பேசறத அது ஒட்டுக் கேக்குதாமே, நிஜமா?" என்று கிசுகிசுப்பார்கள். பதினோரு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். ஒட்டுக் கேட்கிற அளவுக்கு நீங்கள் யாரும் சுவாரசியமாகப் பேசுவதில்லை. எங்களுக்கு உங்கள் கட்டைவிரல் போதும்.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு என் தங்கை ஒரு மழலையர் பள்ளி வாசலில் நின்று, யாரோ பெற்ற மூன்று வயதுப் பையனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். பையனுக்கு ஒரு கீறல் இல்லை. புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தானாம். இப்போது உங்கள்முன் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்றில் அவள் பிள்ளை பிடிக்கிறவள், இன்னொன்றில் பைத்தியம். அண்ணன் எதில் கையெழுத்துப் போடுகிறானோ அதன்படி அவளைச் சிறைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று பார்க்கிறீர்கள். அதற்குமுன் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் எழுத்தர் மெதுவாக எழுதுகிறார். காத்திருக்கிறேன்.

என் வேலை ஆட்களைப் பிரிப்பது. எங்கள் ஆபீசில் அதற்குக் கூடை என்று பெயர். வீடு மாறப் போகிறவர்களுக்கு ஒரு கூடை, முடி கொட்டுகிறவர்களுக்கு ஒரு கூடை, மனைவியோடு பேச்சு நின்றுபோனவர்களுக்கு ஒரு கூடை. விளம்பரக்காரர்கள் வந்து எந்தக் கூடை வேண்டும் என்று சொல்லி எடுத்துப் போவார்கள். இதற்குப் பெரிய துப்பறியும் மூளையெல்லாம் வேண்டாம். எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றீர்கள், எந்தக் கடை வாசலில் எத்தனை நிமிடம் நின்றீர்கள், யாருடைய பக்கத்தைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் தானாக வந்து விழும். பில் போடுகிற பெண் கேட்டவுடன் போன் நம்பரை ஒப்பிக்கிறீர்களே, அந்தப் பட்டியலையும் கடைக்காரர்கள் எங்களிடம்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். நாற்பத்தாறு பக்கம், அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். படித்துவிட்டு அழுத்திய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. எழுதிய வக்கீலே இன்னொரு தடவை படித்திருக்க மாட்டார். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: நாம் யார் மனதிலும் எதையும் புகுத்துவதில்லை, உள்ளே இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.

தங்கை உண்டாகியிருப்பது மாப்பிள்ளைக்கு முன்னால் எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. எல்லோரும் பார்ப்போம். அவள் 'வாயில் இரும்பு ருசி' என்று தேடியிருந்தாள். வாசனைத் திரவியப் படம் வந்தால் அவசரமாகத் தள்ளினாள். ஒரு ஜோடி குட்டிக் காலுறைப் படத்தில் மட்டும் ஒன்பது நொடி நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகும்போது, குதிகால் உயரமில்லாத செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போனேன். பெட்டியைத் திறந்தவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் இன்னும் அவர்கிட்டகூட சொல்லல."

"உன் மூஞ்சியே சொல்லுதே" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அம்மா போன பிறகு, தன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள ஓர் அண்ணன் இருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி இவ்வளவு சுலபமாக நம்புவாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எட்டாம் மாதம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனிதர், ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து மூன்று நாளும் அழுததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. டாக்டரிடம் பேசியது, படிவங்களில் கையெழுத்துப் போட்டது, துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு போனது எல்லாம் நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடைகளில் பிள்ளைக்கு வயது தானாக ஏறும். பிரசவத் தேதியைக் கணித்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் தொட வேண்டாம். மூன்றாம் மாதம் கிலுகிலுப்பை, ஆறாம் மாதம் ஊட்டும் கிண்ணம், பதினோராம் மாதம் முதல் செருப்பு என்று அம்மாவின் திரையில் வந்துகொண்டே இருக்கும். பிறக்காமலே போன பிள்ளைக்கும் வரும். தங்கைக்கு இப்படி ஆவதற்குச் சில வாரம் முன்பே இது தப்பு என்று சொன்னது என் பிரிவில் இருந்த ஒரு பெண். எதை எடுத்தாலும் "ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்துவாள் என்பதால் நாங்கள் அவளுக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்திருந்தோம். பிள்ளை தவறியதற்கான தடயம் தெரிந்தவுடன் அம்மாவின் பெயரைக் கூடையிலிருந்து எடுத்துவிடும் ஒரு நிரலை அவளே உட்கார்ந்து எழுதினாள்.

"பாவம் சார் இவங்க. இதெல்லாம் பாத்தா மனசு விட்டுப் போய்டும். நம்ம பக்கமே திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள் கூட்டத்தில்.

"பாப்பாங்க. முன்னவிட அதிகமா பாப்பாங்க" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நேற்று வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியதும் அத்தனை பேருக்கும் திடீரென்று மனசாட்சி முளைத்துவிட்டது. அந்த மூஞ்சிகளை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

என் பேச்சை நிரூபிக்க எனக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். திரையில் ஒருவர் செய்வதெல்லாம் எங்களுக்குத் தெரியும். திரையைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்கிறார் என்பது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் எனக்கு என் தங்கைதான். ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் சாப்பிட்டேன், திங்கட்கிழமை குறிப்பு எழுதினேன். முதல் மாதம் விளம்பரம் வந்தால் போனைச் சோபாவில் எறிந்தாள். இரண்டாம் மாதம் எறிவதை நிறுத்தினாள். நாலாம் மாதம் நான் உள்ளே நுழைந்தபோது போனைச் சட்டென்று மறைத்துக்கொண்டு, "சும்மா பாக்கறேன்ணா, வாங்கல" என்றாள். ஏழாம் மாதம் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்திருந்தாள்.

மாப்பிள்ளைக்குப் படித்தவர்களைப் போலச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஒரு நாள் என்னை மாடிப்படி வரை வந்து வழியனுப்பினார்.

"மச்சான், அந்தக் கொழந்த விளம்பரத்த நிறுத்த முடியாதா? நீங்க அந்தக் கம்பெனிலதான இருக்கீங்க. அவ ஒரு மாதிரி ஆயிட்டா, மச்சான். காலையில எழுந்ததும் அதத்தான் பாக்கறா."

"அது தானா வர்றது, மாப்பிள்ள. யாரும் உக்காந்து அனுப்பறதில்ல" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். தொந்தரவு கொடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்த மனிதருக்கு, பின்னால் ஒரு கை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அது தானாக வரவில்லை. பிரேக் எழுதிய நிரல் ஒழுங்காகவே வேலை செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் என் தங்கையின் பெயரைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு நான் அவள் பெயரைத் திரும்பப் போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்து, என் பெயரில் நுழைந்து, என் கையால் போட்டேன். ஒரு வருடம் கழித்து, தங்கையைப் பற்றிய குறிப்புகளைப் பெயரில்லாமல் அட்டவணையாக்கி நான் கூட்டத்தில் வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. பிரேக் மட்டும், "இது யாரு சார்?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் நிரலை நிறுத்தினோம். அந்த வருடம் கூடைக்குத் திரும்பிய அம்மாக்கள் பதினோராயிரத்துச் சொச்சம். அவர்களில் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டார்கள். வெட்கம் அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். 'செல்லத்துக்கு மூன்று வயதா? பள்ளி காத்திருக்கிறது' என்று விளம்பரம் வந்தது. அவள் விண்ணப்பம் வாங்கத்தான் போனாள். விடும் நேரம். வெளியே வந்த பிள்ளைகளில் ஒருவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான், மார்பில் நீலத் திமிங்கிலம். அதே சட்டை அவள் அலமாரியில் விலைச்சீட்டோடு தொங்குகிறது. நீங்களே பறிமுதல் செய்திருக்கிறீர்கள். அந்தச் சட்டை விளம்பரத்தை ஒரே வாரத்தில் இந்த நகரத்தில் நாலாயிரம் அம்மாக்களுக்குக் காட்டினோம். அந்தப் பையனின் அம்மாவும் வாங்கியிருக்கிறாள், என் தங்கையும் வாங்கியிருக்கிறாள். தான் வாங்கிய சட்டையில் ஒரு பையன் வந்து நின்றால் கையைப் பிடிக்காமல் என்ன செய்வாள்?

துக்கத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். பெற்றவள் துக்கம், பொல்லாதது, இப்படிச் செய்யும் என்று ஒரு பக்கம். இதே பேச்சு வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நாளைக்கு என் அட்டவணையைப் பார்த்துவிட்டு எவனாவது, 'இது விளம்பரத்தின் வேலை இல்லை, துக்கத்தின் வேலை' என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் அவள் பெயரைத் திரும்பப் போட்ட அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன். பிள்ளை ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஆண் என்று மாற்றிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் கையில் வாங்கியது பெண் குழந்தை. என் தங்கையும் பார்த்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்துத்தான் என்னிடம் கொடுத்தாள். அவள் அலமாரியை நன்றாகத் தேடிப் பாருங்கள், ஒரு கவுன்கூட இருக்காது. டாக்டரிடம் கேளுங்கள், எந்தத் துக்கம் இதைச் செய்யும் என்று.

இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் இரண்டு காகிதங்களையும் கிழித்துவிடலாம். உள்ளே வரும்போது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. "அண்ணா, என் பையன் சாப்பிட்டானான்னு கேட்டுச் சொல்லேன்" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஒன்றை மட்டும் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவள் மனதில் எதையும் புகுத்தவில்லை. உள்ளே இருப்பதைத்தான் எடுத்துக் காட்டினேன்.